பெயரோடு பார்ப்பது: 2018 கோவா திரைப்பட விழாவை முன்வைத்து



 இந்த உரையை வாசிப்பவர் ஒருவர்தான். ஆனால் சேத்தூரில் சில ஆண்டுகளாகச் சேர்ந்து படம் பார்த்து, சேர்ந்து சண்டை போட்டு, சேர்ந்து எழுதியது இது. அதனால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் கேட்டார்: "வேங்கைவயல் இருக்கு, நாங்குநேரி இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு இன்னைக்குப் போய் சினிமா விழாவா?" நியாயமான கேள்வி. அந்த ஊர்களைப் பற்றிப் பேசத்தான் இந்த விழாவை எடுத்துக்கொண்டோம். நம் வலி எந்த வடிவத்தில் இருந்தால் அரசும் பொதுச் சமூகமும் அதை ஏற்றுக்கொள்கின்றன, எந்த வடிவத்தில் இருந்தால் கதவைச் சாத்துகின்றன என்பதை 2018ஆம் ஆண்டு கோவா விழா எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் விழாவைப் பற்றிச் சில செய்திகள். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இந்திய சர்வதேசத் திரைப்பட விழா முதன்முதலில் 1952 ஜனவரியில் பம்பாயில் நடந்தது. பிறகு சென்னை, தில்லி, கல்கத்தா என்று நகர்ந்தது. இத்தாலியப் படமான 'சைக்கிள் திருடர்கள்' அப்போதுதான் நம் கலைஞர்கள் பலரின் கண்ணில் பட்டது. அதைப் பார்த்த பிமல் ராய் அடுத்த ஆண்டே நிலமிழந்த விவசாயி ஒருவன் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் கதையை 'தோ பிகா ஜமீன்' என்று எடுத்தார். ஒரு விழா ஒரு நாட்டின் சினிமாவைத் திருப்பிவிடக்கூடும் என்பதற்கு இது சாட்சி. ஆகவே விழா என்றாலே பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நாங்கள் தயாரில்லை. 1978இல் 'இந்தியன் பனோரமா' என்ற பிரிவு வந்தது. அந்தந்த ஆண்டின் நல்ல இந்தியப் படங்களை ஒரு நடுவர் குழு தேர்ந்தெடுக்கும். 2004 முதல் விழாவுக்குக் கோவாதான் நிலையான இடம்.

49ஆவது விழா 2018 நவம்பர் 20 முதல் 28 வரை நடந்தது. அந்த ஆண்டு பனோரமாவில் 26 கதைப் படங்கள். தமிழிலிருந்து நான்கு: மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', செழியனின் 'டு லெட்', பிரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்', ராமின் 'பேரன்பு'. ஒரே பட்டியலில், வெகுஜனப் படங்கள் என்ற வரிசையில், 'பத்மாவத்' படமும் இருந்தது. குலப்பெருமை காக்க அரண்மனைப் பெண்கள் கூட்டமாகத் தீக்குளிப்பதை அழகழகாகக் காட்டிய படம் அது. குலப்பெருமைக்காக ஒரு மாணவனைக் கொல்ல வரும் கிழவனைக் காட்டிய படம் 'பரியேறும் பெருமாள்'. இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது விழா.

அதற்கு முந்தைய ஆண்டையும் மறக்கக்கூடாது. 2017இல் நடுவர் குழு தேர்ந்தெடுத்த மலையாளப் படம் 'எஸ். துர்கா', மராத்திப் படம் 'நியூட்' இரண்டையும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நடுவர் குழுத் தலைவர் பதவி விலகினார். கேரள உயர் நீதிமன்றம் வரை விவகாரம் போனது. ஆக, யார் தேர்ந்தெடுத்தாலும் கடைசிப் பேனா யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்த பிறகுதான் 2018இன் பட்டியல் வந்தது.

இப்போது அதே 2018இல் விழா அரங்குக்கு வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள்.

மார்ச் 20: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தந்தது. முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது, முதற்கட்ட விசாரணை வேண்டும் என்றது. மார்ச் 27: அதே உச்ச நீதிமன்றம் ஆணவக் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு வேண்டும், காதலர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று இன்னொரு வழக்கில் உத்தரவிட்டது. ஏப்ரல் 2: நாடு முழுவதும் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வட மாநிலங்களில் உயிர்கள் போயின. மே 28: சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட்: தெருப் போராட்டத்தின் அழுத்தத்தால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பிடுங்கிய பல்லைத் திரும்பக் கட்டியது. செப்டம்பர் 28: 'பரியேறும் பெருமாள்' திரைக்கு வந்தது. நவம்பர்: கோவா.

இந்த வரிசையை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மார்ச்சில் நம் புகாரை நம்ப மறுத்த அமைப்பு, நவம்பரில் நம் கண்ணீரை எப்படி நம்பியது? புகாரில் பெயர் இருக்கும். இன்ன ஊர், இன்ன தெரு, இன்னார் மகன் இன்னார், இன்ன சாதி, இன்ன தேதி என்று இருக்கும். அது இல்லாவிட்டால் அது புகாரே இல்லை. கண்ணீரில் பெயர் இருக்க வேண்டியதில்லை. எங்கள் பேச்சின் மையம் இதுதான் தோழர்களே: பெயர் இல்லாத வலிக்கு மரியாதை கிடைக்கிறது. பெயர் சொல்லும் வலிக்கு வழக்குக் கிடைக்கிறது.

இதை எங்கள் மண்ணிலிருந்து சொல்கிறோம். 1997 மே 1ஆம் தேதி விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்த கவர்னகிரித் தளபதியின் பெயர். அதே டிரைவர், அதே கண்டக்டர், அதே தடம், அதே டிக்கெட் விலை. புதிதாக வந்தது பெயர் மட்டும்தான். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் அந்த மே மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஜூலையில் அரசு ஒரு தீர்வு கண்டது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. கல்லெறிந்தவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. அதற்குச் 'சமத்துவம்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த 1997ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் 2018 விழாப் படங்களைப் பார்த்தோம்.

'பரியேறும் பெருமாள்' நம் படம். அதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. புளியங்குளத்துப் பையன் சட்டக் கல்லூரிக்குப் போகிறான். வகுப்பில் ஓடும் ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை. என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர் என்கிறான். எந்த டாக்டர் என்றால் அம்பேத்கர் மாதிரி டாக்டர் என்கிறான். இந்த ஒரு இடத்துக்காகவே அந்தப் படத்தை நாங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்று கணக்கில்லை. ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். நம் ஊர்ப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஒரு நாய்தான். ஜமீன் வீட்டு வாசலில் நின்றால் அது கௌரவம். சேரிப் பையன் கையில் வேட்டை நாய் இருந்தால் அது திமிர். கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்ட காட்சி எதைச் சொல்கிறது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் உரை எழுத வேண்டியதில்லை.

தண்டவாளம் என்பதும் இயக்குநர் கற்பனை செய்து கொண்டுவந்த இடமில்லை. 2013இல் தருமபுரியில் தண்டவாளத்தில் ஓர் உடல் கிடந்தது. 2015இல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பொறியியல் படித்த ஓர் இளைஞரின் உடல் கிடந்தது. அதைத் தற்கொலை என்று காட்ட முயன்றார்கள். அது கொலை என்று சொல்லி நீதிமன்றம் தண்டனை தர 2022 ஆனது. கொலையைத் தற்கொலையாக, விபத்தாக மாற்றத் தெரிந்த கிழவன் ஒருவனை அந்தப் படம் நம் முன் நடமாட விட்டது. அது பெரிய காரியம்.

ஆனாலும் அந்தப் படம் எந்தச் சாதியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தணிக்கையைத் தாண்டியிருக்குமா, திருநெல்வேலியில் ஒரு தியேட்டரிலாவது ஓடியிருக்குமா என்பது நமக்குத் தெரியும். இதற்காக இயக்குநரைக் குறை சொல்லவில்லை. அவர் எந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறோம். 1997இல் பேருந்தின் பலகையை அழித்த அதே கை இன்னும் அந்த வாசலில் நிற்கிறது.

'பாரம்' இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தந்தது. இடுப்பெலும்பு உடைந்த ஒரு முதியவர். அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார்கள் உடன்பிறந்தவர் வீட்டார். மகன் அவரை ஊருக்குக் கொண்டுபோகிறான். அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, கதையை முடிக்கிறார்கள். தலைக்கூத்தல். அடுத்த ஆண்டு அதற்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. நேர்மையான படம். ஆனால் தலைக்கூத்தல் என்று எழுதுகிறவர்கள் உடனே விருதுநகர் மாவட்டம் என்று எழுதுவார்கள். இங்கே மட்டும் பெயர் சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. நம் ஊரைக் காட்டுமிராண்டி ஊராகக் காட்டும் இடத்தில் பெயர் முன்னால் வந்து நிற்கிறது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு எத்தனை மாதக் கூலி வேண்டும், 2018இல் மாதம் ஆயிரம் ரூபாயாக இருந்த முதியோர் உதவித்தொகையில் ஒரு கிழவர் எப்படிச் சாப்பிட்டிருப்பார், அந்த ஆயிரத்துக்கு எத்தனை முறை தாலுகா ஆபீசுக்கு நடந்தார் என்று கேட்கிற இடத்தில் பெயர்கள் காணாமல் போய்விடுகின்றன. பழக்கத்தின் மேல் பழி போட்டால் அரசு தப்பித்துக்கொள்ளும். நாங்கள் தலைக்கூத்தலை நியாயப்படுத்தவில்லை. அது கொலைதான். அந்தக் கொலைக்கு உடந்தையானவர்களின் பட்டியல் அந்த வீட்டு வாசலோடு முடிந்துவிடுவதில்லை என்கிறோம்.

'டு லெட்' சென்னையில் வாடகை வீடு தேடும் ஒரு சினிமாக்காரக் குடும்பத்தின் கதை. 2007இல் ஐ.டி. வேலைக்காரர்கள் வந்து வாடகை எகிறிய காலம். ஒவ்வொரு வாசலிலும் கேள்விகள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் மதுரையிலோ கோவையிலோ ரூம் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கேள்விகள் தெரியும். "நீங்க என்ன ஆளுக?" என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். தெருப் பெயரைச் சொன்னால் வீடு கிடைக்காது. பொய்த் தெரு சொன்னால் வீடு கிடைக்கும், ஆனால் ஊரிலிருந்து அம்மா வந்து தங்க முடியாது. பெயரை மறைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

இன்னொன்று. அந்த விழாவில் சிறந்த இயக்குநர் விருது 'ஈ.ம.யௌ' படத்துக்காக லிஜோ ஜோஸ் பெல்லிசேரிக்கும், சிறந்த நடிகர் விருது அதே படத்துக்காகச் செம்பன் வினோத் ஜோஸுக்கும் கிடைத்தன. கடற்கரை ஏழைக் கிறிஸ்தவன் ஒருவன் தன் அப்பனைக் கௌரவமாக அடக்கம் செய்யப் படும் பாடுதான் கதை. கோவாவில் அதற்குக் கைதட்டினார்கள். ஒன்பது மாதம் கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்க சாதியினர் நிலத்தின் ஊடாக இருந்தது. வழிவிடவில்லை. அந்தக் காட்சியை எடுத்தது கைப்பேசி. அதற்கு எந்த விழாவிலும் விருதில்லை. ஆனால் அதில் ஊர்ப்பெயர் இருந்தது. அதனால்தான் உயர் நீதிமன்றம் தானே கையிலெடுத்துக் கேள்வி கேட்டது. பெயர் செய்யும் வேலை அது.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். எங்கள் தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019இன் தொடக்கத்தில் 'பரியேறும் பெருமாள்' படத்தைச் சேத்தூரில் திரையிட முடிவு செய்தோம். ஒரு கல்யாண மண்டபம் கேட்டோம். விண்ணப்பம் எழுதும்போது எங்களுக்குள் ஒரு யோசனை. மன்றத்தின் பெயரைப் போட்டால் தரமாட்டார்கள். 'சமூக விழிப்புணர்வுத் திரைப்படம்' என்று மட்டும் எழுதுவோம், பள்ளி மாணவர்களுக்கு என்று சொல்வோம். அப்படியே எழுதினோம். முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று முகூர்த்த நாளே இல்லை, ஆனாலும் மண்டபத்தில் விசேஷம் இருக்கிறது என்றார்கள். எந்தப் படம், யார் போடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் பெயரை மறைத்தும் மண்டபம் கிடைக்கவில்லை. மண்டபமும் போய், பெயரும் போய் நின்றோம். கல்லெறிந்து பெயரை அழித்தவர்களைப் பற்றி இருபது வருடம் மேடையில் பேசிவிட்டு, கல் எதுவும் விழாமலே எங்கள் பெயரை நாங்களே அழித்திருந்தோம்.

பிறகு எங்கள் தெருவிலேயே இரண்டு கம்பம் நட்டு வேட்டி கட்டினோம். தலைப்பலகையில் மன்றத்தின் பெயரைப் பெரிதாக எழுதினோம். புரொஜக்டர் வாடகைக்கு. காற்றில் வேட்டி ஆடும்போதெல்லாம் பரியனின் முகமும் ஆடியது. மில் வேலைக்குப் போகும் பெண்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள், மாந்தோப்புக் காவலுக்குப் போகும் தாத்தாக்கள் என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை.

கடைசிக் காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ் நிற்கும், நடுவில் ஒரு பூ. ஊடகங்கள் அந்தக் காட்சியைக் கொண்டாடின. எங்கள் தெருவில் முதலில் பேசிய பாட்டி, அறுபது வருடம் களை எடுத்த கையை ஆட்டிக்கொண்டு கேட்டார்: "ஏ தம்பி, அது எந்த ஊரு டீக்கடைன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே. நம்மூருன்னா நான் கடைக்காரன் பேரோட சொல்லிருவேன்ல?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எந்தக் கடையில் பேப்பர் கப் நமக்கு மட்டும், எந்த வருடம் வரை சிரட்டை, எந்தக் கிணற்றில் யாரை அடித்தார்கள் என்று. இரவு ஒரு மணி வரை. கோவாவில் அந்தப் படத்துக்குக் கிடைக்காத கலந்துரையாடல் அது என்று நாங்கள் நம்புகிறோம்.

ஒரு சட்டக் கல்லூரி மாணவர் எழுந்தார். "சட்டம் படிக்கிற பையன்தானே? மூஞ்சியில ஒண்ணுக்கு அடிச்சிருக்காங்க, கொல்ல வந்திருக்காங்க. ஏன் ஒரு கேஸ்கூடப் போடல? ஏன் கடைசியில பொண்ணோட அப்பாகிட்டயே நியாயம் பேசிட்டு நிக்கிறான்?" என்றார். இன்னொருவர், அந்த ஆண்டு மார்ச்சில் சட்டத்துக்கே என்ன கதி ஆனது பார்த்தீர்களா, யாரை நம்பி வழக்குப் போடுவான் என்றார். விவாதம் சூடானது. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அந்த ஜோவுக்குக் கடைசி வரைக்கும் எதுவுமே தெரியலையே. அவ பேரச் சொல்லித்தானே இவ்வளவும் நடக்குது? அவகிட்ட ஏன் யாரும் சொல்லல?" எங்களில் யாரிடமும் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. நம் வீடுகளிலும் பெண்களிடம் எதையும் சொல்லாமல்தான் எல்லா முடிவுகளும் எடுக்கப்படுகின்றன என்று ஒப்புக்கொள்வதுதான் பதிலின் தொடக்கம்.

எங்கள் இரண்டாவது தவறும் அன்றைக்கே தெரிந்தது. தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலிருந்து யாரும் வரவில்லை. ஏன் என்று விசாரித்தால், நாங்கள் அழைக்கவே இல்லை. ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ அந்தத் தெரு முனையோடு திரும்பி வந்திருக்கிறது. ஊர்த்தெருக்காரர்கள் நம் தெரு முனையில் திரும்பிப் போவதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அருந்ததியர் தெரு முனையில் எத்தனை முறை திரும்பியிருக்கிறோம்? தலித் என்ற ஒரு பெயருக்குள் நாம் விட்டுவிட்ட பெயர்கள் எத்தனை? இதைப் பேசாமல் பிரதிநிதித்துவம் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.

அதன் பிறகு அந்தக் குடியிருப்பில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் போட்டோம். 2017இல் வந்த படம் அது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டின் ஊர்களில் என்ன நடக்கிறது என்று ஊர்ப்பெயரோடும் தொழிலாளர்களின் பெயரோடும் சாதிப் பெயரோடும் சொல்லியது. அதைத் திரையிடத் தமிழ்நாட்டில் பல இடங்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் மேல் வழக்குகள் வந்தன, கைதும் செய்யப்பட்டார். பெயர் சொன்ன படத்துக்கு வழக்கு. எங்கள் மையக் கருத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெயரின் அரசியலை நாம் இன்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லை வசையாக எறிந்தார்களோ அந்தச் சொல்லையே, 'பறையன்' என்றே, தலைப்பில் அச்சிட்டார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம்மைத் தமிழர் கணக்கில் சேர்க்காதவர்கள் முன்னால் தமிழன் என்று எழுதினார். 1920இல் அண்ணல் தன் முதல் பத்திரிகைக்கு 'மூக்நாயக்' என்று பெயர் வைத்தார். ஊமைகளின் தலைவன். அடுத்தவன் பத்திரிகையில் நமக்கு ஒரு பத்தி இடம் கிடைக்குமா என்று மூவருமே காத்திருக்கவில்லை. அதே நேரம் பொது மன்றங்களை விட்டு ஓடவும் இல்லை. சீனிவாசனும் அண்ணலும் லண்டன் வட்டமேசை வரை போய் உட்கார்ந்தார்கள். சொந்தப் பத்திரிகை, பொது மேசை இரண்டும் வேண்டும் என்பதுதான் அவர்கள் நமக்குக் காட்டிய வழி.

திரைப்பட விழா விஷயத்திலும் எங்கள் நிலைப்பாடு இதுதான்.

பொது மேசையில் நாம் கேட்க வேண்டியவை உண்டு. கோவா விழா மக்கள் வரிப் பணத்தில் நடப்பது. அன்று திரைப்பட விழாக்கள் இயக்ககம் நடத்தியது. பிறகு அந்தப் பொறுப்பு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குப் போனது. யார் நடத்தினாலும் நடுவர் குழுவில் தலித், ஆதிவாசி எழுத்தாளர்களும் கலைஞர்களும் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்போம். நம் கதை திரையில் இருக்கலாம், தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் நாம் இருக்கக்கூடாது என்றால், அது கோயில் தேரை இழுக்க மட்டும் நம்மைக் கூப்பிடுவது போல. தேர்வான படங்களை மாவட்டத் தலைநகரங்களிலும் ஆதிதிராவிடர் மாணவர் விடுதிகளிலும் திரையிட வேண்டும் என்றும் கேட்போம். சேத்தூரிலிருந்து கோவாவுக்குப் போக ஒரு கூலித் தொழிலாளி எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும்? யாரைப் பற்றிய படமோ அவர் பார்க்க முடியாத விழாவை எப்படிச் சர்வதேச விழா என்பது?

கலைஞர்களின் வாழ்க்கையையும் கேட்க வேண்டும். பரியனின் அப்பாவாக நடித்தவர் நெல்லை தங்கராசு. படத்தில் பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர். வாழ்விலும் அவர் கூத்துக் கலைஞர்தான். அவரை வேட்டி இல்லாமல் கல்லூரி வாசலில் ஓடவிட்ட காட்சியில் நாம் எல்லோரும் அழுதோம். அந்தப் படம் பெயரும் புகழும் பெற்ற பிறகும் அவர் இடிந்த வீட்டில்தான் இருந்தார். அது செய்தியாக வந்த பிறகுதான் உதவிகள் வந்தன. 2023இல் அவர் இறந்துபோனார். நம் கண்ணீர் திரையோடு நின்றுவிட்டால் நமக்கும் கோவா அரங்குக்கும் என்ன வித்தியாசம்?

சொந்த மேசையில் நாம் செய்ய வேண்டியவை இன்னும் அதிகம். 2018இல் திரையில் கல்லூரி வகுப்பறையில் பார்த்ததை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூட வயதிலேயே பார்த்தோம். கூடப் படித்தவர்களே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்திருக்கிறது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளம் வரை அது பேசுகிறது. அந்த அறிக்கை அலமாரியில் தூங்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கும் போராட்டமும் நம் வேலை. ஒரு படம் இதற்கெல்லாம் மாற்றாகாது. ஆனால் ஒரு படம் முடிந்த இரவில்தான் எங்கள் தெருப் பாட்டி கடைக்காரர் பெயரைச் சொன்னார். அறுபது வருடம் சொல்லாத பெயர். மறுவாரம் எங்களில் நான்கு பேர் அந்தக் கடைக்குப் போய்க் கண்ணாடி கிளாஸில் டீ கேட்டோம். முதல் நாள் தரவில்லை. இரண்டாம் நாளும் தரவில்லை. சட்டப் பிரிவைக் கடைக்காரரிடம் எழுத்தில் கொடுத்த பிறகு, நான்காம் நாள் தந்தார். டீ நன்றாகவே இருந்தது.

ஆகவே மாணவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். படம் பாருங்கள். கோவாவுக்குப் போக முடிந்தால் அவசியம் போங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் உங்கள் தெருவில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் ஊர்ப்பெயர், கடைப்பெயர், அலுவலகத்தின் பெயர், சட்டப்பிரிவின் எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு எந்த விழாவுக்கும் போகாது. காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் திரை கட்டுகிறோம். எந்தப் படம் என்பதை இந்த முறை அந்தத் தெருப் பெண்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். துண்டறிக்கையில் மன்றத்தின் பெயரும் தெருவின் பெயரும் முதல் வரியிலேயே இருக்கிறது. அனைவரும் வாருங்கள்.

ஜெய்பீம்.